பதினொரு பிள்ளைகளின் அம்மன்

அந்த மண்பொம்மையைச் சாமித்தட்டில் ஏற்றியது அம்மாதான். பாசல் நகரில் அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டுச் சுவிஸ் கிழவி, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது கொடுத்தது. கண்ணை மூடி வாயை வட்டமாகத் திறந்தபடி ஒரு பெண். அவள் மடியிலும் தோளிலும் முதுகிலுமாகப் பதினொரு பிள்ளைகள். இத்தனை பிள்ளைகளோடு இருப்பவள் அம்மன் இல்லாமல் வேறு யார்? அம்மா பொட்டு வைத்துவிட்டாள்.

லாங்கன்தாலில் இருந்து வந்த சித்தி அதைக் கண்டதும் குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சின்னத் தொட்டில் கட்டி, பொம்மையின் கையில் தொங்கவிட்டாள். பிறகு வெள்ளி தவறாமல் ரயிலேறி வந்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, வாய்க்கு மட்டும் தொண்ணூறு வயது. பொம்மையின் படத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டினேன். ரீச்சருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில், நியூ மெக்சிகோவில் புவெப்லோ மக்கள் கையாலேயே செய்வதாம். கதை சொல்லும் ஆளாம். அடியில் செய்தவரின் பெயர் இருக்குமாம். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தேன். இருந்தது!

அடுத்த வெள்ளி சித்தி கற்பூரம் கொளுத்தும்போதே சொல்லிவிட்டேன்.

"சித்தி, இது சாமியில்லை. கதை சொல்லுற மனுசி. இதுகள் அவ பெத்த பிள்ளையளில்லை, கதை கேக்க வந்ததுகள்."

அம்மா நறுக்கென்று குட்டினாள். "வாயை வச்சுக்கொண்டு சும்மா இரடி!"

உண்மையைச் சொன்னதற்கு ஏன் குட்டு என்று எனக்கு விளங்கவேயில்லை. சித்தி அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. அது இன்னும் குழப்பியது. சோபாவில் போய் இருந்துகொண்டு, "அப்ப வா, நானும் ஒரு கதை சொல்லுறன்" என்றாள்.

கதையில் ஒரு சின்னப்பெண் தனியாக ட்ராமில் ஏறி ஆற்றைப் பார்க்கப் போனாள். சித்தி அவள் பெயரை வசனத்துக்கு வசனம் சொன்னாள். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத பெயர். குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். எனக்கோ பொறுக்கவில்லை.

"பேர் வடிவில்லை சித்தி. வேற வையுங்கோ."

"ஓமோ? அப்ப நீயே ஒண்டு வையன்."

சித்தியின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போன பிள்ளைக்குச் சித்தியும் சித்தப்பாவும் எடுத்து வைத்திருந்த பெயர் அது என்று எனக்கு அன்று தெரியாது. யோசித்து, வகுப்பில் எனக்குப் பிடித்த சுவிஸ் பெட்டையின் பெயரை வைத்தேன். சித்தி மிச்சக் கதையை அந்தப் பெயரிலேயே சொல்லி முடித்தாள்.