ஈரப் பஞ்சு

விருத்தாசலத்தில் பல்வலி வந்தவர்களில் பாதிப் பேருக்கு நீலாவதியைத் தெரியும். மீதிப் பாதிக்கு இனிமேல்தான் வலி வரவேண்டும். கடலூர் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மதிவதனி டாக்டரின் பல் ஆஸ்பத்திரி. நாற்காலியில் உட்கார்ந்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால், "யோவ், நாற்காலி எங்கியும் ஓடாது, வுடுங்க" என்று சிரிக்கவைக்கிற குரல் அவளுடையது. டாக்டர் கை நீட்டும் முன்பே எந்தக் கருவி வேண்டுமோ அது அந்தக் கையில் இருக்கும். இதையெல்லாம் பார்க்கிறவர்கள் அவள் பிறந்ததிலிருந்தே இந்த வேலைதான் செய்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வந்த நாலு மாதத்துக்குள்ளேயே பதினொரு பேருடைய பல்லில் தண்ணீர் ஊற்றியவள் அவள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னால் அது அரைக் கதைதான்.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் அவள் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பொம்மைகளுக்கு பினிஷிங் செய்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் நடுவில், இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு போன இடம் தெரியாது. மூக்கு லேசாக விண்டிருந்தால் ஈர விரலால் தடவினால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு முந்நூறு பொம்மை. முந்நூறு பிள்ளையாருக்கும் தும்பிக்கை நீவிவிட்டது தான்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பொம்மை அவளை ஒன்றும் செய்யவில்லை, தூசிதான் செய்தது. காய்ந்த சாமானைச் சுரண்டும்போது கிளம்புகிற மாவு நெஞ்சுக்குள் இறங்கி, 2004 மழைக்காலத்தில் படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இனி அந்தத் தூசியில் நிற்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் புருஷன் தங்கதுரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரிக்கு நாற்காலியை மாடி ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். கூலி வாங்கும்போதே, "என் வூட்டுக்காரிக்கு இங்க ஒரு வேல இருக்குமாங்க?" என்று கேட்டுவைத்துவிட்டு வந்தான். அவன் வாழ்க்கையில் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று நீலாவதி இன்றைக்கும் கேலி செய்வாள்.

டாக்டருக்கு இருபத்தெட்டு வயது, படித்து முடித்த சூடு. நீலாவதிக்கு முப்பத்தெட்டு. ஒருத்தி "நீலாக்கா" என்றாள், மற்றவள் "டாக்டரம்மா" என்றாள், அப்படியே ஒத்துப்போய்விட்டது. தட்டில் வரிசையாக இருந்த கருவிகளை முதல் நாளே நீலாவதிக்குப் பிடித்துவிட்டது. வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடி. சொத்தை மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தட்டித் தடவிப் பார்க்கிற கொக்கி ஊசி. சொத்தையைச் சுரண்டி எடுக்க, கடுகு அளவே வாய் உள்ள கரண்டி. சிமெண்ட்டை எடுத்து வைத்து அமுக்க, இரண்டு பக்கமும் தட்டையான ஒரு கருவி. "இதெல்லாம் எங்க கம்பெனி சாமான் மாதிரியே இருக்குதுங்க, குட்டி போட்டாப்ல" என்றாள். டாக்டர் சிரித்தாள்.

வேலையும் அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. சொத்தையைச் சுரண்டு, குழியைச் சுத்தம் செய், மாவையும் திரவத்தையும் காகித அட்டையில் குழைத்து வை. குழைப்பது நீலாவதியின் பங்கு. அரை நிமிஷத்துக்குள் மடித்து மடித்துக் குழைக்கவேண்டும், பளபளப்பு மாறுவதற்குள் டாக்டர் குழிக்குள் வைத்துவிடவேண்டும். வைத்ததும் மேலே வாசலின் தடவவேண்டும். பதினாறு வருஷம் மண்ணைத் தொட்ட விரலுக்கு இது என்ன பெரிய வித்தை? இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது.

பழகின கை சும்மா இருக்குமா? சிமெண்ட் வைத்துவிட்டு டாக்டர் கை கழுவத் திரும்புவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீலாவதி குனிந்து பார்ப்பாள். பல்லும் சிமெண்ட்டும் சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரே இழுப்பு. கோடு போய்விடும், பளிங்கு மாதிரி வழுவழு என்று ஆகிவிடும். வாசலினோடு திரும்பி வருகிற டாக்டர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் கை இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று உள்ளுக்குள் பூரித்துப்போவாள். நீலாவதியும் சொல்லமாட்டாள். சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது, பெருக்குகிறவள் குப்பையை அள்ளுவது மாதிரிதானே என்று நினைத்தாள்.

மாசி பாதியில் முதல் சிமெண்ட் அடைப்பு பெயர்ந்து விழுந்தது. திட்டக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற அர்ச்சுனன், விழுந்த துண்டை டிக்கெட் தாளில் மடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். அடுத்த வாரம் இரண்டு பேர். அதற்கடுத்து திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் பச்சமுத்து, மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. அவர் மாடிக்குக்கூட ஏறவில்லை, கீழே மருந்துக்கடையில் நின்றே, "மேல இருக்கிறது டாக்டரா, கொத்தனாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது மாடிவரைக்கும் கேட்டது.

டாக்டர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். சிமெண்ட் டப்பாவை மாற்றினாள், தேதியைப் பார்த்தாள், கல்லூரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினாள். "எனக்குக் கை வரலை அக்கா" என்றாள் ஒரு நாள். "கடலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க. பேசாம இதை மூடிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

இதை மூடினால் நீலாவதிக்குப் பேட்டையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மூன்று மாதமாகத்தான் அவள் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள்.

பங்குனி முதல் வாரத்தில் ஸ்ரீமுஷ்ணம் ராஜாம்பாள் வேறொரு பல்லைக் காட்ட வந்தார். டாக்டர் பயந்துகொண்டே பழைய அடைப்பைக் கொக்கி ஊசியால் தட்டினாள். கல் மாதிரி நின்றது. சுற்றிலும் தடவினாள். ஊசி எங்கேயும் உள்ளே இறங்கவில்லை. "பாருங்க அக்கா, சொரசொரன்னு இருக்கு, அழகே இல்லை. ஆனா இது ஒண்ணுதான் அசையாம நிக்குது. இது மட்டும் எப்படி?" என்று நோட்டைப் புரட்டித் தேதி பார்த்தாள். "மாசி மகத்தன்னைக்குப் போட்டிருக்கேன்."

மாசி மகத்தன்று நீலாவதி லீவு. மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி பார்க்கப் போயிருந்தாள். அன்றைக்கு டாக்டர் தனியாகக் குழைத்து, தனியாக வைத்து, தனியாக வாசலின் தடவியிருக்கிறாள்.

நீலாவதி கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் தண்ணீரும் பஞ்சும் இருந்தன. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுட்டால் இறுகுகிற மண்ணுக்குத்தான் தண்ணீர் நல்லது. இந்தச் சிமெண்ட்டைச் சூளையில் வைக்கப்போவதில்லை, வாய்க்குள்ளேயே இறுகவேண்டும். இறுகுவதற்குள் தண்ணீர் பட்டால் அது கரையும். டாக்டர் ஏன் பஞ்சுருளையை மாற்றி மாற்றி எச்சிலை ஒற்றி எடுக்கிறாள், ஏன் அவசர அவசரமாக வாசலின் தடவுகிறாள் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. எத்தனை தடவை கண்ணால் பார்த்தும் புத்திக்கு ஏறவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். நாளையிலிருந்து துடைக்காமல் இருந்தால் போதும், அடைப்பு நிற்க ஆரம்பித்துவிடும், காரணம் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாம்பாள் இறங்கிப் போனதும் நீலாவதி சொல்லிவிட்டாள். "டாக்டரம்மா, ஒங்க கையில ஒண்ணும் இல்லைங்க. நீங்க கை கழுவப் போறப்ப நான் ஈரப் பஞ்சால தொடைச்சேன். எல்லாரோடதையும். கோடு தெரியக்கூடாதுன்னு தொடைச்சேன்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தாள். "மூணு வாரமா என்னை நானே திட்டிக்கிட்டுக் கிடந்தேனே அக்கா! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" கண்ணில் தண்ணீர் நின்றது. நோட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து நோட்டில் பேர்களை எண்ணியபோது குரல் மாறியிருந்தது. "பதினொரு பேர். எல்லாருக்கும் காசு வாங்காம திரும்பப் போடணும். நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும். அந்தக் கடைசி ஆள் வந்தப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசலாம்."

நீலாவதி பஸ் ஏறினாள். நல்ல வார்த்தை சொல்லி மழுப்பாமல், ஒவ்வொரு வாசலிலும் "தப்பு டாக்டரோடது இல்லைங்க, என்னோடது" என்று சொன்னாள். அர்ச்சுனன் பஸ்ஸிலேயே வைத்து ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுநாள் வந்தார். பத்து பேர் வந்துவிட்டார்கள்.

பச்சமுத்து மட்டும் அசையவில்லை. மக்காச்சோளக் கொல்லையில் நின்று அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அதெப்படி, மறுபடியும் ஒங்கிட்டயே வாயத் தொறக்கச் சொல்ற?"

"வுட்டுட்டீங்கன்னா சொத்த வேருக்கு எறங்கிடுங்க. அப்புறம் புடுங்கறதுதான்."

"நீ கலக்குற சிமெண்ட்ட மொதல்ல ஒன் வாயில வெச்சுக்கம்மா. நின்னா நான் வரேன்."

வாய்க்கு வந்தபடி சொன்ன பேச்சுதான். அது போய்த் தைத்த இடம் அவருக்குத் தெரியாது. நீலாவதியின் கீழ் வரிசை வலது கடைவாய்ப் பல்லில் ஒரு வருஷமாகச் சொத்தை. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவளுக்கு அந்த நாற்காலி என்றால் குலை நடுக்கம். டாக்டரிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. "சரிங்க. நாளைக்கு வந்து நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

பச்சமுத்து நிஜமாகவே வந்துவிட்டார். நீலாவதி நாற்காலியில் ஏறி, தானே சொல்லிச் சிரித்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கரண்டியால் மெத்தென்ற சொத்தையை வழித்து வழித்து எடுத்தாள். குழியை ஒற்றி, கன்னத்துக்கும் நாக்குக்கும் பக்கத்தில் பஞ்சுருளைகளைச் செருகினாள். பிறகு அட்டையை நீலாவதியின் மடியில் வைத்தாள். வாய் முழுக்கப் பஞ்சோடு, பேசமுடியாமல், நீலாவதி தன் பல்லுக்குத் தானே சிமெண்ட் குழைத்தாள். மடித்து, மடித்து, பளபளப்பு இருக்கும்போதே நீட்டினாள். டாக்டர் வைத்து அமுக்கினாள். இந்தத் தடவை கை கழுவத் திரும்பவில்லை, உடனே வாசலின் தடவினாள்.

கண்ணாடியைக் கையில் வாங்கி நீலாவதி பார்த்தாள். அந்தக் கோடு இருந்தது. மெல்லிசாக, துருத்திக்கொண்டு, அவளையே பார்த்தது. பக்கத்துக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அவள் வலது கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "நாளைக்கு வாங்க, நானே தேய்ச்சு விடுறேன். ஒரு நாள் பொறுங்க அக்கா" என்றாள் டாக்டர், அவளைப் பார்த்துச் சிரித்தபடி. சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"எட்டு நாள் கழிச்சு வரேன்" என்று பச்சமுத்து இறங்கிப் போனார்.

ஒன்பதாம் நாள் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவர் கொல்லை மக்காச்சோளம், வறுத்தது. "தின்னு" என்றார். நீலாவதி வாங்கி வலது பக்கமே போட்டு, நறுக் நறுக்கென்று கடித்தாள். பொட்டலத்தில் பாதி காலியாகிவிட்டது. அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆவென்று திறந்தாள். பச்சமுத்து டாக்டரிடம் குட்டிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து பார்த்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே நாற்காலியில் ஏறிப் படுத்தார். டாக்டர் சுரண்டி, துடைத்து, பஞ்சுருளை வைத்தாள். பிறகு சிமெண்ட் டப்பாவைத் தானே எடுத்தாள். பச்சமுத்து கையைத் தூக்கி நிறுத்தினார். ஒரு பஞ்சுருளையை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க இருங்க டாக்டரம்மா. அந்தம்மாவே கலக்கட்டும்."

டாக்டர் புதுப் பஞ்சுருளை ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டு, டப்பாவை நீலாவதியிடம் நீட்டினாள். நீலாவதி கையைத் துணியில் துடைத்தாள். காய்ந்துதான் இருந்தது, இன்னொரு தடவையும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.