அலர்ஜி பாக்ஸ் எங்கே போனது?

போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு போன். பேசியவர் கலைவாணி, அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். நோயாளிகளின் முகவரி, அலர்ஜி (ஒவ்வாமை) போன்ற விவரங்களைப் பதிய அவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது நான்தான்.

"அண்ணே, உங்க சிஸ்டத்துல அலர்ஜி பாக்ஸ் காணோம்."

"காணோம்னா? அழிஞ்சு போச்சா?"

"தெரியலண்ணே. நேத்து பந்திங்ல இருந்து ஒரு அங்கிள் வந்தாரு. அலர்ஜி இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. ஸ்கிரீன்ல ஒன்னும் இல்ல, நானும் இல்லைன்னு சொல்லிட்டேன். ஊசி ரெடி. நல்லவேளை, அங்கிளே 'பென்சிலினா? எனக்கு ஒத்துக்காதே'ன்னு சொல்லிட்டாரு."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பயம் எனக்குத்தான்.

உடனே வீட்டுக் கணினியில் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். அலர்ஜிப் பெட்டி பளிச்சென்று இருக்கிறது. என்னிடம் இருப்பது அவரிடம் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? பயத்தையும் மீறி ஒரு குறுகுறுப்பு... மறுநாள் காலையில் செந்தூலில் கிள்ளானுக்குக் கொமியூட்டர் ரயில் ஏறிவிட்டேன்.

கலைவாணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "வழக்கமா எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செய்ங்க."

அவர் செய்த முதல் காரியம் – என் மென்பொருளின் விண்டோ ஓரத்தைப் பிடித்து இழுத்து, பாதித் திரைக்குச் சுருக்கியது. மீதிப் பாதியில் அன்றைய அப்பாயின்ட்மென்ட் பட்டியல்.

என் கண் முன்னாலேயே நடந்தது. விண்டோ சுருங்கச் சுருங்க, முகவரிப் பெட்டி அசையவே இல்லை. பக்கத்திலிருந்த அலர்ஜிப் பெட்டி மெலிந்து, கோடாகி... மறைந்தே போனது.

திரையில் பெட்டிகளை அடுக்கும் வேலையைச் செய்வது லேஅவுட். விண்டோ பெரிதானால் எந்தப் பெட்டி நீள வேண்டும், சிறிதானால் எது எவ்வளவு சுருங்கலாம் – இதையெல்லாம் நாம்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். நான் என்ன சொல்லியிருந்தேன்? முகவரி சுருங்கக் கூடாது. அலர்ஜி எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கலாம், பூஜ்ஜியம் வரை.

ஏன் அப்படிச் சொன்னேன்? சோதனைக்கு நான் போட்ட முகவரி நீளமானது. அலர்ஜிக்குப் போட்டது 'இல்லை' என்ற ஒற்றைச் சொல். என் திரையும் அகலம், விண்டோவைச் சுருக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. மென்பொருள் எழுதுகிற பலருக்கும் உள்ள வியாதிதான் இது – எல்லோரும் நம்மைப் போலவே வேலை செய்வார்கள் என்ற நினைப்பு.

அங்கேயே மாற்றினேன். அலர்ஜிப் பெட்டிக்கு ஒரு குறைந்தபட்ச அகலம். அதற்குக் கீழே போகக் கூடாது. விவரம் நீண்டால் அடுத்த வரிக்கு மடங்கட்டும். சுருங்குவது இனி முகவரியின் வேலை.

"இப்ப இழுத்துப் பாருங்க."

இழுத்தார். முகவரி குறுகியது. இன்னும் இழுத்தார். ஒரு கட்டத்தில் விண்டோ அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, இதுக்கு மேல சின்னதாக மாட்டேங்குது லா."

"இன்னும் சின்னதானா அலர்ஜி மறைஞ்சிடும். அதான் நிறுத்திட்டேன்."

"அப்ப சரி. நிக்கட்டும்."

அடுத்து ஓர் ஆன்டி வந்தார். அலர்ஜிப் பெட்டியில் 'இல்லை' என்று தெளிவாகத் தெரிந்தது. கலைவாணி அதைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "ஆன்டி, எந்த மருந்தாச்சும் உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று கேட்டார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஸ்கிரீன்ல இருக்குண்ணே. இருந்தாலும் கேட்டுக்கிறேன்."

கேட்கட்டும்... மென்பொருளை எழுதியது நான்தானே.