கவிழ்த்து வைத்த முறம்

தில்லியில் தட்டச்சு வேலைக்குப் போன இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அரசாங்கத்தின் பெரிய ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு சுவரில் எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி தொங்கிக்கொண்டிருந்தது. பண்டகசாலை முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்குப் புடைக்கும் படம்.

அதை வரைந்தவர் எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போகும்போது, எங்கள் பஜாரில் ஒரு வாரம் தங்கியிருந்தார். அந்த முற்றத்தில்தான் அம்மாவுக்கு வேலை. தன்னையும் வரைந்திருக்கிறார் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். ஆனால் அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அவர் வரைந்தது எந்த நாளில்? கூட வேலை பார்த்தவர்கள் இதைச் சொல்லியே பத்து வருடம் அவளைச் சீண்டினார்கள். அவளுக்கு வரும் கோபமெல்லாம் என் மேல் திரும்பும்.

"ஒனக்குப் பனி பிடிக்க வேற நாளே கெடைக்கலையா?"

படத்தில் யாருக்கும் முகம் இல்லை. குனிந்த தலைகள், முதுகுகள், அவ்வளவுதான். எனக்கு ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை. அடுத்த லீவில் அம்மாவையே ரயிலேற்றிக் கூட்டி வந்தேன். கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"உள்ளே சாமி படமும் இருக்குமில்லே?"

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? வெறுங்காலோடுதான் நடந்தாள்.

படத்தின் முன் நின்றதும் அவள் முகத்தைத் தேடவே இல்லை, இடத்தை எண்ணினாள். சுக்கு முற்றத்தில் ஆளுக்கு ஓர் இடம் உண்டு.

"இது மூத்தக்கா. இது ஆலுவாக்காரி. இது மேஸ்திரியோட தங்கச்சி."

விரல் தூணருகே போய் நின்றுவிட்டது. அதுதான் அம்மாவின் இடம். அங்கே அம்மா இல்லை. ஒரு காலி இடம், அதில் கவிழ்த்து வைத்த ஒரு முறம்.

இதைக் காட்டவா மூன்று நாள் ரயிலில் இழுத்து வந்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. "போகலாம்மா" என்றேன்.

அவள் நகரவில்லை. வராதவள் இடத்துக்கு, வாசலில் காத்திருக்கும் ஒருத்தியை மேஸ்திரி கூப்பிட்டுக்கொள்வார். அப்புறம் அந்த இடம் உட்கார்ந்தவளுக்குத்தான். மற்றவர்கள் வராதவளின் பங்கையும் சேர்த்துப் புடைக்கிறோம் என்று ஏற்றால் மட்டும், அவள் முறத்தைக் கவிழ்த்து இடத்தைப் பிடித்து வைக்கலாம்.

"மோளே, நான் திரும்பிப் போனப்ப முறம் நிமிந்துதான் கெடந்துச்சு. மேஸ்திரி எரக்கப்பட்டு எடத்தை விட்டு வச்சாருன்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன்" என்றாள். முந்தானை கண்ணுக்குப் போனது. "இவளுகளாக்கும் வச்சது. அவ்வளவு கேலி பண்ணினாளுகளே, ஒருத்தியாவது இதைச் சொன்னாளா?"

காவலர் வந்து ஒதுங்கச் சொல்லும்வரை அங்கேயே நின்றோம்.

ஊருக்குத் திரும்பி அம்மா வேலைக்குப் போன அன்று, முற்றத்தில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்களாம்: "படத்துல நீ உண்டா?"

தூணருகே கவிழ்ந்து கிடந்த தன் முறத்தை அம்மா நிமிர்த்தினாளாம்.

"நான் இல்லே. நீங்க எல்லாரும் உண்டு."