உயிரோடிருந்தவரின் துப்பாக்கி

கஸ்பார் ஏட்டு நல்ல நோயாளி அல்ல. இடது கையும் காலும் விழுந்த பிறகும் அவருடைய அதிகாரம் விழவில்லை. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்பேன். “உனக்கு யாரு ஆர்டர் போட்டது?” என்பார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது. வசவு இன்னும் நன்றாகப் புரிந்தது. சூரமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் பகல் நேரத்தில் மட்டும் சம்பளத்துக்குப் போய் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரயில்வே கலாசித் தொழிலாளி ஒருவரின் மகன். போலீசில் சேர்ந்து, பணிக்காலத்தில் பாதியை ஓர் அரசு ஆயுதக் கிடங்கில் கழித்தவர். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை என்பார்கள். மனைவி அக்சிலியாவின் தையல் மெஷினுக்கு ஒரு சொட்டு விட்டதில்லை.

தேர்தல் அறிவித்தால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் அதைக் கொண்டுபோய்க் கிடங்கில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் டோக்கனைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எல்லாரும் வருவதில்லை. சிலர் செத்துப்போவார்கள், மகன்கள் லைசென்ஸுக்கு அலைய மனமில்லாமல் விட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த மூன்று துப்பாக்கிகள் கஸ்பார் பொறுப்பிலிருந்த கிடங்கிலிருந்து காணாமல் போயிருந்தன. கூடவே இன்னொன்றும் போயிருந்தது. அதற்குச் சொந்தக்காரர், அயோத்தியாப்பட்டணம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வெங்கடாசலம், டோக்கனோடு நேரில் வந்து நின்றார். அவர் வந்ததால்தான் மற்றவை போனதும் தெரிந்தது.

வாசலில் காவல் நின்ற ஊர்க்காவல் படைக்காரன் கந்தனைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். “சாப்பிடப் போகும்போது சாவியை அவனிடம் கொடுத்தேன், நான் செய்த தப்பு அதுதான்” என்று கஸ்பார் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மனம் நொந்து விழுந்துவிட்டார் என்று சர்ச்சில் ஞாயிறு பூசையில் அவருக்காக மன்றாட்டு வைத்தார்கள்.

கந்தனின் மனைவி சுகன்யா குமாரபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போய்த் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். தறிக்கு லீவு என்றால் பஸ் ஏறி வந்து கஸ்பார் வீட்டு கேட்டுக்கு எதிரே நிற்பாள்.

“ஏனுங்க ஏட்டய்யா, சாவியத்தான் நீங்க இடுப்ப உட்டு எறக்குனதே இல்லீங்களாமே. அப்பறம் எங்கூட்டுக்காரரு கைக்கு எப்பிடிங்க போச்சு?”

“அவள வெளிய போகச் சொல்லு” என்று கட்டிலிலிருந்து கத்துவார்.

“வெளியதானுங்க நிக்கறேன். ரோடும் உங்க ஊட்டுதுங்களா?”

அக்சிலியா வாசல் கழுவுகிற சாக்கில் அவள் காலடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவாள். சுகன்யா சேலையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி தள்ளி நிற்பாள். இது வழக்கமாகிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெங்கடாசலத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பால் சொசைட்டித் தலைவராக இருந்தவர், பருத்த ஆள். யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுகன்யாவும் வந்துவிட்டாள். நான் கஸ்பாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“காட்டுப்பன்னி வந்து தோப்பையே உழுதுட்டுப் போவுது. எங்கய்யா என் துப்பாக்கி?”

“கந்தனப் போய்க் கேளுங்க.”

“கேட்டாச்சு. அழுவறான். எனக்கு ஒண்ணுதான் புரியல ஏட்டு. மத்த மூணும் செத்தவனுங்களோடது. கேக்க நாதியில்லன்னு பாத்து எடுத்திருக்கான். அவ்வளவு வெவரமானவன், உசுரோட இருக்கற என்னுதையும் எடுத்தான் பாரு. அடிமுட்டாளாத்தான் இருப்பான்.”

“எங்கூட்டுக்காரரு முட்டாளுதானுங்க” என்றாள் சுகன்யா. “அந்த முட்டாளு கண்ணு முன்னாலயே நாலு துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயிருக்கறாரு, ஏட்டய்யாவுக்குத் தெரியவே இல்லீங்களாம். அப்ப இவர என்னன்னு சொல்றதுங்க?”

வெங்கடாசலம் வயிறு குலுங்கச் சிரித்தார். கஸ்பார் வாயிலிருந்த கஞ்சியை என் சேலை மேல் துப்பினார்.

“யாருய்யா முட்டாளு? பஸ் ஸ்டாப்புல ஒன் படம் ஆளுயரத்துக்கு நின்னுச்சு, கண்ணீர் அஞ்சலின்னு. பஸ்ஸுல போறவன் நீ செத்துட்டேன்னு நெனைக்காம வேற என்ன நெனைப்பான்?”

“யோவ், அது எங்கண்ணனுக்கு வச்ச போர்டு. மேல மூலையில ஸ்டாம்பு சைசுல இருந்தாரே, அவருதான் செத்தாரு. நான் கீழ கும்பிட்டுக்கிட்டு நிக்கறேன்.”

“கும்பிடறவன் எதுக்கு அவ்வளவு பெருசா நிக்கற? அதப் பாக்கலன்னா ஒன் துப்பாக்கியத் தொட்டிருக்கவே மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கு உறைத்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் தானாகத் திருப்ப முடிந்தது முகத்தை மட்டும்தான்.

“ஒடம்பு முடியாதவரு என்னமோ ஒளர்றாரு, ரெண்டு பேரும் கெளம்புங்க” என்றாள் அக்சிலியா.

சுகன்யா நகரவில்லை. “நாஞ் சொன்னா பொண்டாட்டிங்கறதுனால சொல்றான்னுவாங்க. இவரு சொன்னா துப்பாக்கியப் பறிகுடுத்த ஆத்தரம்னுவாங்க” என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

அக்சிலியாவும் என்னைத்தான் பார்த்தாள். “அக்கா, நீங்க சமையக்கட்டுல இருந்தீங்க. ஒண்ணும் கேக்கல.”

“கஞ்சிக் கிண்ணம் இன்னும் என் கையிலதான் இருக்கு” என்றேன். “அவரு துப்புனதும் என் சேலையிலதான் இருக்கு.”

“அப்ப நாளையிலருந்து வராதீங்க.”

சரி என்றேன். கஸ்பாரின் வாயைத் துடைத்து, வலப்பக்கமாகப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். மறுபடி எப்போது புரட்ட வேண்டும் என்று அக்சிலியாவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கினாளா என்று தெரியாது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு பேரோடும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அங்கே முதலில் உட்காரச் சொல்லவில்லை. பிறகு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நானும் காதால் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். துப்பாக்கிகளை மலைக்காட்டு வேட்டைக்காரர்களுக்கு விற்றுக்கொடுத்த தரகன் பிறகு பிடிபட்டான். கஸ்பாரின் கையிலிருந்து வாங்கியதாக அவனும் சொல்லிவிட்டான்.

கந்தன் வெளியே வந்தான். பழைய வேலைக்குக் கூப்பிடவில்லை. சுகன்யாவோடு தறிக்குப் போகிறான். வெங்கடாசலத்தின் துப்பாக்கி இன்னும் கிடைக்கவில்லை. கஸ்பாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டிலருகே துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரைக் காவல் வைத்தார்கள். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு என்று முதல் நாளே கஸ்பார் அவரைத் திட்டினாராம்.