சத்தம் போடுகிற ஸ்டவ்தான் வேண்டும் என்றேன்

புஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். அதற்கு முன்னால் குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. பிறகு நீலமாக, வட்டமாக நின்று எரிகிற தீ.

பம்ப் ஸ்டவ் பற்ற வைத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னாலே காதில் கேட்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி ரெட்டியார்சத்திரம் பக்கம் மாமியார் வீட்டில் இருந்தேன். பெரிய குடும்பம். ஒரே விறகடுப்பு. அதைச் சுற்றி எந்நேரமும் யாராவது வெங்காயம் உரித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, இல்லாவிட்டால் சண்டை போட்டுக்கொண்டு இருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். திண்டுக்கல்லில் வேலை கிடைத்ததும், டவுனுக்கே குடிபோகலாம் என்றார். எங்கள் பக்கம் ஒரு மருமகள் தனி அடுப்பு வைத்தால், குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்றுதான் பேச்சு. கிளம்புகிற அன்று மாமியார் வாசலில் நின்றார்.

"போ ஆத்தா, போ. அவன் லோடு ஏத்திட்டுப் போயிட்டா ஒனக்குப் பேச்சுத்தொணைக்கு யாரு இருக்கா? ஒரு மாசம் தாங்க மாட்டே. பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்கதான வரணும்!"

"வர மாட்டேன் அத்தே."

சொல்லிவிட்டேன். இனி திரும்பிப் போக முடியுமா?

டவுனில் மாடியில் ஒரே அறை. வீட்டுக்காரம்மா லூர்தம்மா அக்கா கீழே தனியாக இருந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார். "இப்பத்தான் வெள்ளையடிச்ச சுவரு. விறகு, கரின்னு எதாச்சும் மூட்டுனே, மறுநாளே காலி பண்ணிரணும்."

அதனால் ஸ்டவ் வாங்கக் கடைக்குப் போனோம். ஒன்று திரி ஸ்டவ். இன்னொன்று பித்தளையில் பளபளவென்று பம்ப் ஸ்டவ்.

"தங்கச்சி, திரி ஸ்டவ் எடுத்துக்க," என்றார் கடைக்காரர். "சத்தமே வராது. பம்ப் ஸ்டவ்வுன்னா காத்தடிக்கணும், அடைச்சா பின்னு குத்தணும்... ஒத்த ஆளுக்கு எதுக்கு அந்தப் பாடு?"

இரண்டையும் பற்ற வைத்துக் காட்டினார். திரி ஸ்டவ் வாயைத் திறக்காமல் எரிந்தது. அதைப் பார்த்ததும், அவர் லோடு ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்த மாடி அறை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

பம்ப் ஸ்டவ் கடையே அதிரக் கத்தியது.

"எனக்கு இதுதான் வேணும்."

"காது வலிக்கும் புள்ள," என்றார் என் வீட்டுக்காரர்.

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

காரணத்தைச் சொல்லவில்லை. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் எனக்கு எது வேண்டும் என்பதை இன்னொருத்தர் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை.

அவர் பம்பாய் லோடுக்குப் போனார்.

டவுனில் யாரையும் தெரியாது. சில நாள் சாயங்காலம் வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன். அப்போது போய் ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பேன். சமையல் முடிந்த பிறகும் சும்மா ஒரு சட்டி தண்ணீரை ஏற்றி வைப்பேன். அந்தச் சத்தத்தில் வாய்விட்டுப் பேசினாலும் கீழே கேட்காது... அத்தையிடம் பாதியில் விட்டுவந்த சண்டைகளையெல்லாம் அங்கேதான் முடித்தேன்.

கீழேயிருந்து லூர்தம்மா அக்கா குரல் வரும்.

"ஏ புள்ள! மாடியில மாவு மில்லா ஓட்டுறே?"

"சோறு பொங்குறேன்க்கா!"

"இம்புட்டுச் சத்தத்துக்கு ஊருக்கே பொங்கலாமே!"

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதுவும் ஏச்சுத்தான்.

ஒரு நாள் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கக் கையில் தெம்பில்லை. பாயில் படுத்தபடி சுவரோரம் இருந்த தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் இறங்கியதும் பஸ் ஏறிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். அத்தை சிரித்தால் சிரிக்கட்டும்.

பொழுது சாய்கிற நேரம் படியில் காலடிச் சத்தம். லூர்தம்மா அக்கா வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏன்டி, காலையிலேருந்து ஸ்டவ்வு சத்தத்தையே காணோம்?"

கிட்ட வந்து நெற்றியில் கை வைத்தார்.

"அடிப்பாவி, கொதிக்குதே! ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

அவரே ஸ்டவ்வைப் பற்ற வைக்க உட்கார்ந்தார். அது அவருக்கு அடங்கவில்லை. குபீரென்று எரிவதும் அணைவதுமாக இருந்தது. "சனியன் புடிச்சது, இத எப்புடிடி மேய்க்கிறே?" என்று திட்டிக்கொண்டே ஓட்டையில் பின்னை விட்டுக் குத்தினார். நான் பாயில் கிடந்தபடி, "செத்த பொறுங்க்கா... சூடு ஏறட்டும்... இப்ப அடிங்க," என்று சொல்லச் சொல்ல, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

புஸ்ஸ்ஸ்...

நொய்க்கஞ்சி காய்ச்சி, தொட்டுக்கொள்ளத் துவையலும் வைத்துக்கொடுத்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தகரப் பெட்டியை நான் எடுக்கவே இல்லை.

அந்த அக்கா இப்போது இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. மகன் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறேன். போன வாரம் கேக் சுடுவதற்கு ஓவன் வாங்க என்னையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போனார்கள். சமையல் மேடைக்குள் பதிக்கிறதா, தனியாக நிற்கிறதா என்று பெரிய விவாதம். வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று, தனியாக நிற்பதையே எடுத்தார்கள்.

"ஓடுறதே தெரியாதும்மா, அம்புட்டு சைலண்ட்," என்றார் விற்பவர்.

"சத்தம் வர்ற மாதிரி ஒண்ணும் இல்லையாப்பா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஓவன் வந்துவிட்டது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் எல்லோரும் வேலைக்கும் காலேஜுக்கும் போன பிறகு, நான் மட்டும் அடுப்படியில் நிற்கிறேன். கரண்ட் அடுப்பு சத்தம் போடாது. ஓவனும் போடாது.

இன்றைக்கு நான் அடுப்புப் பற்ற வைத்தேனா இல்லையா என்று... கீழ் வீட்டுக்குத் தெரிய வழியே இல்லை.