சுண்ணாம்புக் கோட்டு வீடு

என் தங்கையை எங்கள் தெருவில் எல்லோரும் 'இஞ்ச் டேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தையல்காரி. என் டேப்பைத் திருடிக்கொண்டுபோய் கட்டில், அலமாரி, அசந்து தூங்கும் அப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து வளர்ந்தவள் அவள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவள் கட்டட வரைபடம் படித்தாள். ஒரு அலுவலகத்தில் அடுத்தவர்கள் பெயரில் போகும் பிளான்களைப் பல வருடம் வரைந்தாள். அவள் பெயருக்கே வந்த முதல் வேலை ஒரு பஸ் கண்டக்டரின் வீடு.

இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே ரிப்பன் மாதிரி ஒரு காலி மனை அவருக்கு இருந்தது. தெருவே அங்கேதான் குப்பை கொட்டியது. பக்கத்துக் கடைக்காரர் வண்டி நிறுத்துவதற்காக அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கடன் வாங்காமலே கட்டலாம் என்றாள் தங்கை. இடித்த வீடுகளின் செங்கல், கதவு, ஜன்னல் போதும். மாடியில் விழும் மழை தரைக்கு அடியிலுள்ள தொட்டிக்குப் போகும். பகலில் விளக்கு தேவைப்படாது.

கண்டக்டர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நாலு பேர் எப்படிம்மா? என் பஸ்ஸே இதைவிட தாராளமா இருக்கும். பேசாம வித்துட்டு, ஊருக்கு வெளிய போயிடறோம்."

தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் குடும்பத்தோட அங்க வந்து இருங்கண்ணே. அப்புறம் வித்துக்குங்க."

"வீடே இல்ல, எங்க வந்து இருக்கிறதும்மா?"

"வாங்க, சொல்றேன்."

குப்பையை வாரிவிட்டு, சுண்ணாம்புத் தூளால் முழு வீட்டையும் நிஜ அளவிலேயே தரையில் வரைந்தாள். டேப்பின் மறுமுனை என் கையில். சுவருக்குக் கோடு, வாசலுக்கு இடைவெளி, கட்டிலுக்கும் அடுப்புக்கும் கட்டம்.

கண்டக்டர், அவர் மனைவி, இரண்டு பெண்கள் எல்லோரும் பாய், அடுப்பு, பாத்திரத்தோடு வந்து இறங்கினார்கள். காலையெல்லாம் ஒரே சிரிப்பு. கண்டக்டர் வாசல் இடைவெளியில் நின்று, "வழியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ!" என்று கத்தினார். அவர் மனைவி சமையலறையிலிருந்து நேராகப் படுக்கையறைக்கு நடந்தார்.

"அக்கா, செவுத்துக்குள்ள பூந்து வர்றீங்க!" என்றாள் தங்கை.

"ஐயோ, அம்மா பேய்!" என்று சின்னவள் ஓடினாள், அவளும் ஒரு சுவரைத் துளைத்துக்கொண்டு.

சாப்பாடு முடிந்ததும் நாங்கள் இருவரும் டீ வாங்கப் போனோம். திரும்பி வந்தால் ஹாலில் ஒருவரும் இல்லை. மேற்கு மூலையில், பக்கத்துக் கட்டடத்தின் நிழலில், நாலு பேரும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். காற்று சிலுசிலுவென்று வந்தது.

"அண்ணே, நீங்க எல்லாரும் பாத்ரூம்ல படுத்திருக்கீங்க" என்றேன்.

"பாத்ரூமா? வீட்டுலயே நல்ல இடம் இதுதாம்மா!"

தங்கை நிமிர்ந்து, நிழல் தந்த கட்டடத்தைப் பார்த்தாள். வேலைக்குப் போகும் முன் காலையில்தான் எப்போதும் வந்து அளப்பாள். அப்போது அந்த மூலையில் வெயில் அடிக்கும். போதாக்குறைக்கு மேற்கு என்றாலே சூடு என்று நினைத்து, குளியலறையை அங்கே தள்ளியிருந்தாள். வேறு ஒருத்தியாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்.

"தப்பு பண்ணிட்டேண்ணே" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலாலேயே கோடுகளை அழித்தாள். ஹால் மேற்கே வந்தது. குளியலறை காலை வெயிலில் காயும்படி கிழக்கே போனது. கண்டக்டர் மனைவி சுண்ணாம்பைத் தானே அள்ளினார். "அடுப்பு இங்க வரட்டும்மா. இவளுங்க படிக்கிறாளுங்களா தூங்கறாளுங்களான்னு எனக்குத் தெரியணும்."

கண்டக்டரின் போன் அடித்தது. கடைக்காரர்தான். படுத்தபடியே பேசினார்.

"இல்லீங்க, கொடுக்கல. வீட்டுல ஆள் இருக்கோம்."

தங்கை என் கையை நசுக்கியே விட்டாள். பிறகு குனிந்து, "அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க. இங்க செவுரு வரணும்" என்றாள்.

"தள்ளிப் போட்டுக்கம்மா. இப்பதான் கண்ணு சொக்குது."

அடுத்தவர் வேலையில் அரை இஞ்ச் பிசகினாலும் பொறுக்காதவள், அவர் பாயைச் சுற்றிக் கோடு போட்டாள். இன்றும் அந்த ஹாலின் சுவர் ஒரு சாண் தள்ளித்தான் நிற்கிறது.