வெண்டல் ஹாஸ்கின்ஸின் வலது முழங்கை

வெண்டல் ஹாஸ்கின்ஸ் அமெரிக்காவின் பெரிய லீகில் பேஸ்பால் எறிந்தது மொத்தம் பதினான்கே ஆட்டம். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஐயோவாவில் ஒரு சோளக் கிடங்கில் லாரிகளுக்கு எடை பார்த்தான். வலது முழங்கை பாதிக்கு மேல் மடங்காது. சட்டைப் பித்தானை மனைவி ஆர்டித்தான் போட்டுவிடுவாள்.

பந்தெறிகிறவர்கள் எல்லோருக்குமே ஒரு வியாதி உண்டு. கை அறுந்து தொங்கினாலும் மேனேஜரிடம் வலி என்று வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் ஓரத்தில் கை சூடேற்றிக்கொண்டிருக்கும் அடுத்தவன் தங்கள் இடத்தில் வந்து நின்றுவிடுவான். பதினான்காவது ஆட்டம் நடந்த ஆகஸ்டில், மொத்தம் ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸில், மேனேஜர் பிக்கெட் மைதானத்தின் நடுவே நடந்து வந்து வெண்டலிடம் கேட்டார்.

"கை எப்படி இருக்கு தம்பி?"

"ஜோரா இருக்கு சார்."

அடுத்த மூன்றாவது பந்தில் முழங்கைக்குள் ஏதோ அறுந்தது. இருபத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்தது.

ஊருக்கு வந்தவன் கதையை மாற்றிச் சொன்னான். வலிக்கிறது என்று கெஞ்சினானாம், பிக்கெட்தான் விடவில்லையாம். காபிக் கடையில் "பதினாலு ஆட்டக்காரா!" என்று சீண்டியவர்கள்கூட அதைக் கேட்டு அடங்கிப்போனார்கள். பின்னால் வந்து வாழ்க்கைப்பட்ட ஆர்டித்தும் நம்பினாள். பாவி, சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான்.

பழைய ஆட்டக்காரர்களை அணி விருந்துக்குக் கூப்பிட்டபோது, "வா, மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்" என்று ஆர்டித்தான் அவனை இழுத்துப் போனாள். பிக்கெட் சக்கர நாற்காலியில் இருந்தார். அவளே கேட்டாள்.

"வலிக்குதுன்னு சொன்னவனை ஏன் எறியவிட்டீங்க?"

கிழவர் விழித்தார். "வலின்னு சொன்னானா? இவன் எறியுற தினுசு சரியில்லையேன்னுதான்மா நானே இறங்கி வந்தேன். ஒரு மாசம் ஓய்வு குடுத்து இவன் இடத்தை அப்படியே வெச்சிருக்கறதா முதலாளிகிட்டயும் முன்னாடியே பேசி வெச்சிருந்தேன். ஜோரா இருக்குன்னான். நம்பிட்டேன். இவ்வளவு வருஷமா எனக்கும் தூக்கமில்லே."

காரில் ஏறி ஆர்டித் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஒரு நல்ல மனுஷனை நாசமாப் போகணும்னு தினமும் சபிச்சேனே, வெண்டல். எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"பழி போட அவரை விட்டா, நான் ஒருத்தன்தானே மிச்சம், ஆர்டித்" என்றான். ஆண்பிள்ளை என்றும் பாராமல் விம்மி அழுதான். அவள் சாவியைத் திருகிக் காரைக் கிளப்பினாள். அவன் பக்கம் திரும்பவேயில்லை.